பட்டாளத்தில் இருந்து வந்த பட்லர்

விக்கிரமசிங்கபுரத்துப் பெரியவர்களிடம் "பட்லர்" என்ற சொல்லுக்கு விளக்கம் சொல்ல வேண்டியது இல்லை. பாபநாசத்தில் விழும் தாமிரபரணித் தண்ணீரின் வேகத்தைக் கொண்டே ராட்டை சுற்றலாம் என்று ஸ்காட்லாந்தில் இருந்து வந்த ஹார்வி சகோதரர்கள் 1880-களில் அங்கே பஞ்சாலை கட்டினார்கள். ஆலை வந்தது. ஆலையோடு துரைமார்கள் வந்தார்கள். துரைமார்களோடு பங்களாக்களும், பங்களாக்களோடு பட்லர்களும் வந்தார்கள்.

மேலே மாஞ்சோலை மலையிலும் அதே கதைதான். சிங்கம்பட்டி ஜமீனுக்குச் சொந்தமான காட்டை 1929-ம் ஆண்டில் பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனி 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. தேயிலைத் தோட்டம் போட்டது. தோட்டத்து மானேஜர் பங்களாக்களிலும் பட்லர்கள் இருந்தார்கள்.

பட்லர் என்றால் வெறும் சமையல்காரர் அல்ல. வீட்டு வேலைக்காரர்கள் அனைவருக்கும் அவர்தான் தலைவர். சந்தைக்குப் போவது, கணக்கு வைப்பது, மேஜையில் பரிமாறுவது, விருந்தாளியை வரவேற்பது எல்லாம் அவர் பொறுப்பு. இலக்கணத்தைப் பற்றிக் கவலைப்படாமல் அவர் பேசிய ஆங்கிலத்துக்கு "பட்லர் இங்கிலீஷ்" என்று பெயர் வந்தது. பெயர் கேலிக்காக வந்தது. ஆனால் அந்த இங்கிலீஷை வைத்துக்கொண்டுதான் அவர் துரையையும் துரைசானியையும் ஊரையும் ஒன்றாகக் கட்டி மேய்த்தார்!

உலகத்திலேயே பெயர் பெற்ற பட்லர் யார்? அவர் எந்த பங்களாவிலும் இருந்தவர் அல்ல. சினிமாவில் வருகிறவர். பெயர் ஆல்பிரட் பென்னிவொர்த். அவருடைய எஜமான்தான் "பேட்மேன்" என்னும் வவ்வால் மனிதன்.

அனாதைச் சிறுவன்

கதை அநேகமாக எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அமெரிக்காவில் காத்தம் என்று ஒரு கற்பனை நகரம். அங்கே வெய்ன் என்ற கோடீசுவரர் குடும்பம். ஒரு நாள் இரவு அப்பாவும் அம்மாவும் சிறுவன் புரூஸை அழைத்துக்கொண்டு கூத்து பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். இருட்டுச் சந்து. துப்பாக்கியுடன் ஒரு திருடன் வருகிறான். இரண்டு வேட்டுகள். சிறுவன் அனாதை ஆகிறான்.

அவனுக்குப் பெரிய மாளிகை இருக்கிறது. பணம் மலை போல் இருக்கிறது. ஆனால் சொந்தம் என்று சொல்ல யாரும் இல்லை.

ஒருவர் மட்டும் இருக்கிறார். அவர் பட்லர். அவன் தலையைத் துவட்டுகிறார். சாப்பாடு கொடுக்கிறார். இரவில் அலறி எழுந்தால் ஓடி வருகிறார். பையன் வளர்ந்து ஆளான பிறகு, முகமூடி மாட்டிக்கொண்டு அக்கிரமக்காரர்களை அடிக்கப் போகிறான். விடியற்காலையில் ரத்தக் காயத்தோடு திரும்பி வருகிறான். காயத்தைத் தைப்பதும் அதே பட்லர்தான். அப்போதும் அவர் அவனை "மாஸ்டர் புரூஸ்" என்றுதான் கூப்பிடுகிறார். நம் ஊரில் "சின்ன எஜமான்" என்பார்களே, அது போல.

கோமாளியாகப் பிறந்தவர்

ஆல்பிரட் முதலில் இப்படி இல்லை. 1943-ம் ஆண்டில் படக்கதைப் புத்தகத்தில் முதன்முதலாக வந்தபோது அவர் ஒரு சிரிப்புப் பாத்திரம். தொப்பையும் தொந்தியுமாக இருந்தார். துப்பறியும் நிபுணர் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டு, எங்கே போனாலும் தடுக்கி விழுவார். புரூஸை வளர்த்தவரும் அவர் அல்ல. பையன் பெரியவன் ஆன பிறகு வந்து சேர்ந்தவர்தான்.

அதே ஆண்டில் பேட்மேன் கதையைத் தொடர் படமாக எடுத்தார்கள். பட்லராக நடித்த வில்லியம் ஆஸ்டின் ஒல்லியான ஆள். மெல்லிய மீசையும் வைத்திருந்தார். படத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்திலும் ஆல்பிரட்டை இளைக்க வைத்துவிட்டார்கள்! நடிகருக்காகப் பாத்திரம் உடம்பைக் குறைத்துக்கொண்டது சினிமா உலகில் அபூர்வம்.

1964-ல் இன்னொரு கூத்து நடந்தது. பேட்மேனையும் அவன் துணைவன் ராபினையும் காப்பாற்றப் போய், பாறை விழுந்து ஆல்பிரட் இறந்துபோவதாகக் கதை எழுதினார்கள். ஆனால் 1966-ல் தொலைக்காட்சியில் பேட்மேன் நாடகம் வந்தது. அதில் பட்லர் உண்டு. செத்தவரைப் புத்தகத்திலும் பிழைக்க வைக்க வேண்டியதாகிவிட்டது.

பட்டாளக் கதை பிற்பாடுதான் ஒட்டிக்கொண்டது. இரண்டாம் உலகப் போரில் ரகசியப் பணி செய்தவர், பிரெஞ்சு நாட்டுத் தலைமறைவு வீரர்களோடு சேர்ந்து வேலை செய்தவர் என்றெல்லாம் எழுதினார்கள். அதை மனதில் பதிய வைத்தது சினிமா.

துப்பாக்கி தொடாதவர்

1989 முதல் 1997 வரை நான்கு பேட்மேன் படங்கள் வந்தன. பேட்மேனாக நடித்தவர்கள் மாறினார்கள். டைரக்டர் மாறினார். பட்லர் மட்டும் மாறவில்லை. நான்கிலும் மைக்கேல் கஃப் என்ற முதியவர்தான். வெள்ளி நரை, மூக்குக் கண்ணாடி, பூப்போன்ற குரல்.

இந்தக் கஃப் பிறந்த ஊர் எது தெரியுமா? கோலாலம்பூர். ஆண்டு 1916. அவருடைய தகப்பனார் மலேயாவில் ரப்பர் தோட்டக்காரர். மலேயா ரப்பர் தோட்டங்களில் பால் மரம் சீவியவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டில் இருந்து கப்பல் ஏறியவர்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. இரண்டாம் உலகப் போர் வந்தபோது, "மனசாட்சி இடம் கொடுக்கவில்லை, ஆயுதம் எடுக்கமாட்டேன்" என்று நின்றவர் அவர். ஆயுதம் ஏந்தாத பிரிவில் அவருக்கு வேலை கொடுத்தார்கள். அவர் நடித்த ஆல்பிரட்டும் அப்படித்தான். தேநீர்த் தட்டைத் தவிர வேறு ஆயுதம் அவர் கையில் இல்லை.

அவருக்குப் பின் வந்தவர் அதற்கு நேர் மாறானவர்.

கதவைத் தட்டிய டைரக்டர்

கிறிஸ்டோபர் நோலன் என்ற டைரக்டர் பேட்மேன் கதையை மறுபடி முதலில் இருந்து எடுக்கத் திட்டமிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கதைப் பிரதியைக் கையில் எடுத்துக்கொண்டு நடிகர் மைக்கேல் கெய்ன் வீட்டுக்கே போய்விட்டார். கெய்ன் பின்னால் பல பேட்டிகளில் சொன்ன கதை இது.

"என்ன வேஷம்?" என்று கேட்டார் கெய்ன்.

"பட்லர்" என்றார் நோலன்.

கெய்னுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சாப்பாடு தயார் என்று சொல்லிவிட்டுப் போகிற வேஷம்தானே என்று நினைத்தார். நோலன் விடவில்லை. இந்த பட்லர்தான் அந்தப் பையனுக்கு வளர்ப்புத் தகப்பன் என்று விளக்கினார். கெய்ன் பிரதியைப் படித்தார். ஒப்புக்கொண்டார்.

கெய்ன் யார்? 1933-ல் லண்டனில் பிறந்தவர். தகப்பனார் மீன் சந்தையில் கூடை சுமந்தவர். தாயார் பிறர் வீடுகளைக் கூட்டித் துடைத்தும், சமைத்துப் போட்டும் பிள்ளைகளைக் காப்பாற்றியவர். வீட்டு வேலை என்றால் என்ன என்று கெய்னுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியது இல்லை.

பட்டாளமும் அப்படித்தான். அந்தக் காலத்து இங்கிலாந்தில் வாலிபர்கள் எல்லோரும் கட்டாயமாக ராணுவத்தில் சேர வேண்டும். கெய்ன் 1952-ல் சேர்ந்தார். ராயல் பியூசிலியர்ஸ் என்ற காலாட்படையில் சாதாரணச் சிப்பாய். கொரியா யுத்தத்துக்கு அனுப்பினார்கள். அங்கே போர்முனையில் பதுங்கு குழிகளில் கிடந்தார். மலேரியாவும் வந்தது. அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிறையவில்லை.

பட்லர் வேஷத்துக்கு அவர் அந்த அனுபவத்தை எடுத்துக்கொண்டார். ஆல்பிரட்டுக்குத் தானே ஒரு முன்கதை கட்டினார். ஆல்பிரட் ஒரு சார்ஜெண்ட். எஸ்.ஏ.எஸ். என்ற பிரிட்டிஷ் அதிரடிப் படையில் இருந்தவர். (1941-ல் ஆரம்பித்த இந்தப் படைதான் 1950-களில் மலேயாக் காட்டுக்குள் கெரில்லாக்களைத் தேடி அலைந்தது.) சண்டையில் அடிபட்டுவிட்டார். வீட்டுக்குப் பட்லர் வேண்டும், ஆனால் கொஞ்சம் முரட்டு ஆளாக வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்த வெய்ன் அவரைக் கண்டுபிடித்துக் கூட்டி வந்தார். குரலுக்கும் கெய்ன் நாடகப் பள்ளிக்குப் போகவில்லை. பட்டாளத்தில் தான் கேட்ட ஒரு சார்ஜெண்டின் குரலையே பேசினார்.

2005-ல் வெளிவந்த முதல் படத்திலேயே பலன் தெரிந்தது. மாளிகை தீப்பிடித்து எரிகிறது. புரூஸின் மேல் உத்திரம் விழுந்து கிடக்கிறது. தூக்க முடியாமல் தவிக்கிறான். கிழவர் ஆல்பிரட் வருகிறார். அழவில்லை. புலம்பவில்லை. "தினமும் தண்டால் எடுக்கிறீர்களே, ஒரு கட்டையைத் தூக்க முடியாதா?" என்று அதட்டுகிறார்! ரோஷம் வந்து பையன் கட்டையைத் தள்ளிவிட்டு எழுகிறான். சிப்பாய்களை எழுப்பும் சார்ஜெண்டின் வித்தை அது.

பெயரில் ஒரு வேடிக்கை

பிரிட்டிஷ் பட்டாளத்தில் ஒவ்வோர் அதிகாரிக்கும் ஒரு சிப்பாயை ஏவலுக்குக் கொடுப்பார்கள். பூட்சுக்கு மெருகு போடுவது, உடுப்பை மடிப்பது, சண்டையில் சேதி கொண்டு போவது அவன் வேலை. அந்தச் சிப்பாய்க்கு ஆங்கிலத்தில் என்ன பெயர்? "பேட்மேன்!"

இதற்கும் வவ்வாலுக்கும் சம்பந்தம் இல்லை. பொதி சுமக்கும் சேணத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லில் இருந்து வந்தது. யுத்தம் முடிந்ததும் பல அதிகாரிகள் தங்கள் "பேட்மேனை" வீட்டுக்கே பட்லராகக் கூட்டிப் போனார்கள். அப்படிப் பார்த்தால், அந்த மாளிகையில் அசல் பேட்மேன் யார் என்று கேட்டால் ஆல்பிரட்டைத்தான் காட்ட வேண்டும்.

பர்மாக் காட்டில்

2008-ல் வந்த இரண்டாவது படத்தில்தான் ஆல்பிரட்டின் பழைய வாழ்க்கை கொஞ்சம் வெளியே வருகிறது.

ஜோக்கர் என்ற வில்லன் ஊரைச் சூறையாடுகிறான். பணத்துக்காகத்தான் செய்கிறான் என்று புரூஸ் நினைக்கிறான். ஆல்பிரட் ஒரு கதை சொல்கிறார்.

வெகு காலத்துக்கு முன் அவர் பர்மாவில் இருந்தார். அங்கே இருந்த சர்க்கார் மலைவாசித் தலைவர்களை வசப்படுத்த ரத்தினக் கற்களை அனுப்பியது. ரங்கூனுக்கு வடக்கே காட்டில் ஒரு கொள்ளைக்காரன் அவற்றை மறித்துப் பறித்தான். கற்களை எங்கே விற்கிறான் என்று ஆறு மாதம் தேடினார்கள். வாங்கியவன் ஒருவன்கூட அகப்படவில்லை. ஒரு நாள் ஒரு குழந்தை கையில் ஆரஞ்சுப் பழம் அளவு மாணிக்கக் கல்லை வைத்து விளையாடுவதைக் கண்டார்கள். கொள்ளைக்காரன் பறித்த கற்களை எல்லாம் வீசி எறிந்துகொண்டிருந்தான்! அவனுக்குப் பொருள் வேண்டாம், எரிகிற உலகத்தைப் பார்த்து ரசிக்க வேண்டும் என்கிறார் ஆல்பிரட்.

பின்னால் ஓர் இடத்தில் புரூஸ் கேட்கிறான். "அவனைப் பிடித்தீர்களா?"

"பிடித்தோம்."

"எப்படி?"

காட்டையே கொளுத்திவிட்டதாக ஆல்பிரட் சொல்கிறார். குரல் இறங்கிவிடுகிறது. பெருமை இல்லை. ஒரு திருடனுக்காக ஒரு காட்டை எரித்த கை, இன்று தேநீர் ஊற்றுகிறது. பட்டாளத்துப் பழைய கதை என்றாலே வீரப் பிரதாபம்தான் என்று நினைக்கிறவர்கள் இந்தக் காட்சியை இரண்டு தரம் பார்க்க வேண்டும்.

பர்மா, மாணிக்கம், காடு என்பதெல்லாம் கதாசிரியரின் வெறும் கற்பனை அல்ல. பர்மாவின் மோகோக் பகுதி மாணிக்கத்துக்குப் பேர்போனது. 1885-ல் பர்மா மன்னர் திபாவின் சர்க்கார், தேக்கு மரங்களைக் கணக்கில் குறைத்துக் காட்டியதாக ஒரு கம்பெனிக்கு அபராதம் போட்டது. அதையே சாக்காக வைத்து ஆங்கிலேயர் படை எடுத்தார்கள். மாண்டலே விழுந்தது. மன்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டு, ரத்தினகிரியில் கண் மூடினார். அபராதம் கட்டச் சொன்னார்களே, அந்தக் கம்பெனி எது? பம்பாய் பர்மா! விக்கிரமசிங்கபுரத்துக்கு மேலே மாஞ்சோலை மலையைக் குத்தகைக்கு எடுத்த அதே கம்பெனிதான்.

எஜமானுக்கு "முடியாது" என்றவர்

ஆல்பிரட் விசுவாசமான வேலைக்காரர் என்று எல்லோரும் சொல்வார்கள். விசுவாசம் என்றால் என்ன?

சொன்னதைச் செய்வதா? அப்படியானால் ஆல்பிரட் தேறமாட்டார். புரூஸ் நேசித்த பெண் ரேச்சல், வேறு ஒருவரை மணக்கப் போவதாகக் கடிதம் எழுதி ஆல்பிரட்டிடம் கொடுக்கிறாள். கடிதம் கொடுக்கப்படும் முன் அவள் கொல்லப்படுகிறாள். ஆல்பிரட் கடிதத்தைக் கொடுக்கவில்லை. எரித்துவிடுகிறார். பையனுக்கு அந்த நம்பிக்கையாவது மிஞ்சட்டும் என்று. எஜமானின் கடிதத்தை எரிக்க வேலைக்காரனுக்கு உரிமை உண்டா? இல்லைதான். தகப்பன் செய்கிற தப்பு அது.

2012-ல் வந்த மூன்றாவது படத்தில் அதற்கு விலை கொடுக்கிறார். உடம்பு தளர்ந்த புரூஸ் மறுபடியும் முகமூடி மாட்டப் போகிறான். எதிரி பலசாலி. போனால் சாவுதான் என்று பழைய சிப்பாய்க்குத் தெரிகிறது. கெஞ்சுகிறார். கேட்கவில்லை. கடித ரகசியத்தைச் சொல்லிவிடுகிறார். புரூஸ் கோபத்தில் விடை கொடுத்துவிடுகிறான். சிறுவனாக இருந்தபோது கையில் ஏந்தியவனை, சாகப் போகிறான் என்று தெரிந்தும் விட்டுவிட்டு, கிழவர் மாளிகைப் படி இறங்குகிறார்.

நம் நாட்டுக் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த இடம் புதிது அல்ல. கும்பகருணன் அண்ணனிடம், "நீ செய்தது தவறு, சீதையை விட்டுவிடு" என்று முகத்துக்கு நேரே சொன்னான். அண்ணன் கேட்கவில்லை. உண்ட சோற்றுக்காகப் போர்க்களம் போய் மாண்டான். விதுரர் வேறு வழி போனார். துரியோதனன் அவமானப்படுத்தியதும், அவனுக்காக எடுக்க வேண்டிய வில்லை ஒடித்துப் போட்டுவிட்டு வெளியேறினார். செஞ்சோற்றுக் கடனா, நியாயமா என்று நம் பெரியவர்கள் திண்ணையில் விவாதித்து விவாதித்து ஓயாத கேள்வி இது.

ஆல்பிரட் இரண்டிலும் சேரவில்லை. சோற்றுக் கடனுக்காகச் சாகவும் இல்லை. அவமானத்துக்காகப் போகவும் இல்லை. பையனைப் புதைக்கத் தன்னால் முடியாது என்றுதான் போகிறார்.

தமிழ்ப் படங்களிலும் விசுவாசிகளுக்குக் குறைவு இல்லை. 1960-ல் வந்த "படிக்காத மேதை"யில் சிவாஜி கணேசன் நடித்த ரங்கனை மறக்க முடியுமா? ரங்காராவ் வீட்டில் வளர்ந்து, சொந்தப் பிள்ளைகள் கைவிட்டபோதும் அந்தக் குடும்பத்துக்காக உழைத்தவன். ஆனால் ரங்கன் வெள்ளை மனம் படைத்தவன். உலகம் தெரியாதவன். ஆல்பிரட் உலகம் தெரிந்தவர். அதன் அழுக்கையும் தெரிந்தவர். அன்பு இருவருக்கும் ஒன்றுதான்.

நெல்லைச் சீமையில் இன்னொருவர் பெயர் தானாக வாயில் வரும். நெற்கட்டும்செவல் பூலித்தேவரின் தளபதி ஒண்டிவீரன். வேலைக்காரன் போல எதிரி முகாமுக்குள் புகுந்தார். குதிரை கட்ட அடித்த முளை, வைக்கோலுக்குள் ஒளிந்திருந்த அவர் கையைத் துளைத்தது. சத்தம் போடாமல் கையையே வெட்டிக்கொண்டு காரியத்தை முடித்தார். தென்மாவட்டத்துப் பாட்டிமார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் கதை இது. 2022-ல் அவருக்குத் தபால் தலையும் வெளியிட்டார்கள்.

ஆர்டர்லி கதை வேறு

இங்கே ஒன்றைக் கலந்துவிடக் கூடாது. ஆல்பிரட் தானாக நின்றவர். எப்போது வேண்டுமானாலும் போகலாம், போகவும் செய்தார். அன்பினால் நிற்பது ஒன்று. உத்தரவு போட்டு நிறுத்துவது வேறொன்று.

வெள்ளைக்காரன் விட்டுப்போன "ஆர்டர்லி" முறையில், போலீசில் சேர்ந்த வாலிபன் அதிகாரி வீட்டில் துணி துவைக்க வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் இந்த முறையை 1979-லேயே சர்க்கார் உத்தரவு போட்டு ஒழித்தது. காகிதத்தில் ஒழிந்தது. 2022-லும் சென்னை உயர் நீதிமன்றம் இதைக் கண்டித்துப் பேச வேண்டியிருந்தது. நாட்டைக் காக்கச் சேர்ந்தவனை நாய்க்குட்டி குளிப்பாட்ட விட்டுவிட்டு, அதற்கு விசுவாசம் என்று பெயர் வைப்பது அநியாயம். சினிமா பட்லரைப் பார்த்து மயங்குகிற அதிகாரிகள் இந்த வித்தியாசத்தையும் கவனித்தால் நல்லது.

புதிய பட்லர்கள்

கெய்னுக்குப் பிறகும் ஆல்பிரட்டுகள் வந்தார்கள். 2016-ல் ஜெரமி அயர்ன்ஸ். இவர் கையில் தேநீர்த் தட்டைவிட ஸ்குரூ டிரைவர்தான் அதிகம். 2022-ல் ஆண்டி செர்கிஸ். முகத்தில் வடு, கையில் ஊன்றுகோல். பையனுக்குச் சண்டை போடக் கற்றுக் கொடுத்தவர். எஜமானுக்கு வந்த வெடிகுண்டுப் பார்சலைத் தானே பிரித்து, ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். தொலைக்காட்சியிலோ ஆல்பிரட்டின் வாலிப காலத்தையே 2019-ல் தனித் தொடராக எடுத்துவிட்டார்கள். பட்டாளத்தில் இருந்து திரும்பிய பையன் அதில் கதாநாயகன்!

ஆனாலும் ஜனங்கள் நினைவில் நிற்பது கெய்னின் கடைசிக் காட்சிதான்.

புரூஸ் பல ஆண்டுகள் ஊரைவிட்டுக் காணாமல் போயிருந்த காலத்தில், ஆல்பிரட் ஆண்டுதோறும் விடுமுறையில் இத்தாலிக்குப் போவார். புளாரன்ஸ் நகரில் ஆற்றங்கரை ஓரமாக ஒரு காபிக் கடை. அங்கே உட்கார்ந்து ஓர் ஆசையை வளர்ப்பார். ஒரு நாள் தலை நிமிர்ந்து பார்க்கும்போது, எதிர் மேஜையில் புரூஸ் மனைவியோடு உட்கார்ந்திருக்க வேண்டும். குழந்தைகளும் இருக்கலாம். பேச வேண்டாம். அவன் நன்றாக இருக்கிறான் என்று தெரிந்தால் போதும்.

படத்தின் முடிவில் புரூஸ் இறந்துவிட்டதாக ஊர் நம்புகிறது. கல்லறை முன்னால் நின்று, காப்பாற்றுவேன் என்று அவன் பெற்றோருக்குக் கொடுத்த வாக்கைத் தவறவிட்டேனே என்று கிழவர் குலுங்கி அழுகிறார். கொரியாவில் குண்டு மழையைப் பார்த்த மனிதர் அழுகிற அழுகை.

பிறகு புளாரன்ஸ். அதே காபிக் கடை. ஆல்பிரட் பில்லுக்காகத் திரும்புகிறார். எதிர் மேஜையைப் பார்க்கிறார். அங்கே புரூஸ் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் ஒரு பெண்.

கிழவர் எழுந்து ஓடவில்லை. கூப்பிடவில்லை. லேசாகத் தலையை அசைக்கிறார். அவனும் அசைக்கிறான். காசை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்.